ஒரே இழையில் ஊர்ப் பேச்சும் ரகசியச் சாவியும்



காஞ்சிபுரம் பட்டுப் புடவை ஒன்றை உற்றுப் பாருங்கள். உடல் ஒரு நிறம். கரை வேறு நிறம். இரண்டும் தனித்தனியே நெய்து பின்னர் தைத்தவை அல்ல. உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கு இரண்டு நாடாக்கள் என மூன்று நாடாக்களை ஓட்டி, நெய்யும்போதே ஒன்றோடொன்று கோத்துவிடுகிறார்கள். இதனைக் கோர்வை என்பர். இத்தகைய புடவைக்கு ஒரு கடுமையான சோதனை உண்டு. நனைந்தால் கரையின் சாயம் உடலில் இறங்கக் கூடாது. அரக்குக் கரையின் சாயம் கடுகளவு இறங்கினாலும் வெளிர்மஞ்சள் உடலில் அது பளிச்சென்று தெரிந்துவிடும்.

நாம் இங்கே பேசப்போவது பட்டு இழையைப் பற்றி அன்று; ஒளியிழையைப் பற்றி. ஆனால் கேள்வி ஏறத்தாழ இதுவேதான். மிக மென்மையான ஒரு நிறத்தையும் மிக அழுத்தமான நிறங்களையும் ஒரே கண்ணாடி இழையில் ஓடவிட்டால், சாயம் இறங்காமல் காக்க முடியுமா? அந்த மென்மையான நிறம் தாங்கிச் செல்வது ஒரு ரகசியச் சாவி. எனவே விடையைப் பொறுத்துப் பல காரியங்கள் இருக்கின்றன.

இழைக்குள் ஓர் ஊர்வலம்

காஞ்சிபுரம் காந்தி சாலையில் ஒரு கடையில் உங்கள் அம்மா கைபேசியால் பணம் செலுத்துகிறார் என்று கொள்வோம். செய்தி ரேடியோ அலையாகக் கோபுரத்தை அடைகிறது. அதன் பிறகு அது பயணம் செய்வது பெரும்பாலும் மண்ணுக்கடியில் புதைந்த ஒளியிழையின் வழியேதான். ஒளியிழை தூய கண்ணாடியால் ஆனது. மொத்த விட்டம் 125 மைக்ரோமீட்டர். ஒளி ஓடும் நடுப்பகுதியோ சுமார் 9 மைக்ரோமீட்டரே. பசை நீக்கிய ஒற்றைப் பட்டு இழையின் பருமனும் ஏறத்தாழ இவ்வளவுதான். நடுப்பகுதியின் ஒளிவிலகல் எண் சற்று அதிகமாக இருப்பதால் ஒளி வெளியேற இயலாமல், முழு அக எதிரொளிப்பு அடைந்து உள்ளேயே செல்கிறது.

இவ்விழையில் ஒரே ஒரு நிறம் மட்டும் செல்வதில்லை. 1550 நானோமீட்டரை ஒட்டிய அகச்சிவப்புப் பகுதியில், மயிரிழை வேறுபாடுள்ள பல அலைநீளங்கள் ஒன்றாகச் செல்கின்றன. ஒவ்வொன்றும் தனிச் செய்திகளைத் தாங்கியது. மறுமுனையில் முப்பட்டகம் போன்ற ஓர் உறுப்பு அவற்றைப் பிரித்துக் கொடுக்கிறது. ஓர் இழையில் 40 அலைநீளங்களையோ அதற்கு மேலோ செலுத்துவது இன்று வழக்கமாகிவிட்டது.

1550 நானோமீட்டரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? கண்ணாடி அங்கேதான் மிகக் குறைவாக ஒளியை விழுங்குகிறது. ஒரு கிலோமீட்டருக்கு இழப்பு சுமார் 0.2 டெசிபெல். 10 டெசிபெல் இழப்பு என்றால் ஒளி பத்தில் ஒரு பங்காகும். 20 டெசிபெல் என்றால் நூறில் ஒரு பங்கு. 1310 நானோமீட்டரில் இழப்பு இதைவிடக் கூடுதல்: கிலோமீட்டருக்குச் சுமார் 0.35 டெசிபெல். இவ்விரு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பூட்டு எங்கே இருக்கிறது?

பணம் பற்றிய செய்தி அப்படியே போவதில்லை. சங்கேதமாக மாற்றப்பட்டே போகிறது. அதனைத் திறக்கச் சாவி வேண்டும். சாவி என்பது 0, 1 என்ற இலக்கங்களால் ஆன ஒரு நீண்ட வரிசைதான். இரு முனைகளிலும் ஒரே சாவி இருக்க வேண்டும். நடுவில் வேறெவருக்கும் அது தெரியக் கூடாது. சாவியைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்பதே பழம்பெரும் சிக்கல்.

கடந்த அரை நூற்றாண்டாக நாம் இதற்குக் கணிதத்தை நம்பி வந்துள்ளோம். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது. பெருக்கி வந்த எண்ணைக் கொடுத்து, அதன் காரணிகளைக் கண்டுபிடி என்றால் பெரிய கணிப்பொறியும் திணறும். இந்தக் கடினத்தின்மேல்தான் பல பூட்டுகள் அமைந்துள்ளன. ஆனால் 1994-ல் பீட்டர் ஷோர் என்ற அமெரிக்கக் கணித அறிஞர், குவாண்டம் கணிப்பொறி ஒன்று போதிய அளவில் உருவானால் இக்காரணிகளை விரைவில் கண்டுவிடும் என்று காட்டினார். அத்தகைய பெரிய பொறி இன்னும் உருவாகவில்லை. எனினும் இன்று இழையில் ஓடும் சங்கேதச் செய்தியை ஒருவன் பதிவு செய்து வைத்துக்கொண்டு, பொறி வந்தபின் திறந்து பார்க்கலாமல்லவா? இன்றைய மருத்துவக் குறிப்போ நில ஆவணமோ இருபது ஆண்டு கழித்து வெளிப்பட்டாலும் தீங்குதானே?

ஒற்றைத் துகளின் நேர்மை

இதற்கு இயற்பியல் தரும் விடை ஒன்று உண்டு. அது முதன்முதல் விரிவாக வெளியான இடம் நம் அண்டை மாநிலத்துப் பெங்களூர். 1984 டிசம்பரில் அங்கு நடந்த கணிப்பொறி மாநாட்டில் சார்லஸ் பென்னட், ஜில் பிராசார்ட் என்ற இருவர் தந்த கட்டுரையே அது.

மேல்நாட்டு நூல்களில் செய்தி அனுப்புபவரை ஆலிஸ் என்றும், பெறுபவரைப் பாப் என்றும் அழைப்பார்கள். நாம் அல்லி, பாபு என்று வைத்துக்கொள்வோம். அல்லி காஞ்சிபுரத்தில், பாபு சென்னையில். இழையின் நீளம் சுமார் 75 கிலோமீட்டர்.

அல்லி ஒவ்வோர் இலக்கத்தையும் ஓர் ஒற்றை ஒளித்துகளில், அதாவது ஒரு ஃபோட்டானில், ஏற்றி அனுப்புகிறாள். துகளின் தளவிளைவுத் திசையே இலக்கத்தைக் குறிக்கும். அவளிடம் இரண்டு முறைகள் உண்டு. நேர் முறையில் கிடைத் திசை 0, செங்குத்துத் திசை 1. சாய்வு முறையில் 45 பாகைச் சாய்வு 0, 135 பாகைச் சாய்வு 1. ஒவ்வொரு துகளுக்கும் எந்த முறை என்பதைக் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுக்கிறாள். பாபுவும் அப்படியே குருட்டாம்போக்கில் ஒரு முறையைத் தேர்ந்து அளக்கிறான். இருவர் முறையும் ஒத்திருந்தால் விடை சரியாக வரும். ஒத்திராவிட்டால் 0 வரலாம், 1 வரலாம். நாணயம் சுண்டியது போலத்தான். பின்னர் இருவரும் தொலைபேசியில், எல்லாரும் கேட்கும்படியே, எந்தத் துகளுக்கு எந்த முறை என்பதை மட்டும் ஒப்பிடுகிறார்கள். ஒத்தவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளிவிடுகிறார்கள். எஞ்சியதே சாவி.

நடுவில் ஓர் ஒற்றன் துகளைப் பிடித்து அளந்தால் என்ன ஆகும்? அவனுக்கும் முறை தெரியாது. பாதித் துகள்களில் தவறான முறையைத் தேர்வான். அளந்த மாத்திரத்தில் துகளின் நிலை மாறிவிடும். அவன் புதிதாக அனுப்பும் துகளால் பாபுவிடம் பிழைகள் தோன்றும். எல்லாத் துகள்களையும் இப்படிப் பிடித்து அளந்தால் சாவியில் 25 விழுக்காடு பிழை வரும். அளக்காமல் நகல் எடுத்துக்கொள்ளலாமே என்றால் அதற்கும் இயற்கை இடம் தரவில்லை. அறியாத குவாண்டம் நிலையை நகலெடுக்க இயலாது என்பது 1982-லேயே நிறுவப்பட்டது.

அல்லியும் பாபுவும் சாவியில் ஒரு சிறு பகுதியை ஒப்பிட்டுப் பிழை விகிதத்தைக் காண்கிறார்கள். சிறிதளவு பிழையைத் திருத்திக்கொண்டு, கசிந்திருக்கக்கூடிய பகுதியையும் கணித முறையால் நீக்கிவிடலாம். ஆனால் பிழை சுமார் 11 விழுக்காட்டைத் தாண்டினால் இம்முறையில் பத்திரமான சாவி ஒன்றும் எஞ்சாது, நிறுத்திவிட வேண்டியதுதான். (நடைமுறையில் இழையில் தளவிளைவு குலைந்துபோவதால், பல கருவிகள் அதற்குப் பதிலாக ஒளியலையின் கட்ட வேறுபாட்டைப் பயன்படுத்துகின்றன. தத்துவம் ஒன்றே.)

இங்கே ஒரு முக்கியமான செய்தி. பிழை ஒற்றனால் வந்ததா, கருவியின் கோளாறால் வந்ததா என்று பிழையைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே எல்லாப் பிழையையும் ஒற்றன் கணக்கிலேயே எழுத வேண்டும். கண்ணாடியே தவறு செய்தாலும் பழி ஒற்றன் மேல்தான்; சாவி கிடைக்காது.

தனி இழை போட்டுவிடலாமே!

ஆம். வேறெந்த ஒளியும் ஓடாத வெற்று இழை ஒன்றைச் சாவிக்கென்றே ஒதுக்கிவிட்டால் தொல்லை இல்லை. இதனை இருண்ட இழை என்பார்கள். முதல் சோதனைகள் பல இவ்வாறே நடந்தன. ஆனால் இழை புதைக்கச் சாலையைத் தோண்ட வேண்டும். ஆற்றையும் இருப்புப் பாதையையும் கடக்க வேண்டும். அனுமதிகள் பெற வேண்டும். எல்லா ஊருக்கும் சாவிக்கென்று தனி இழை கொடுப்பதென்றால், தலைநகரங்களும் பெரிய வங்கிகளும் மட்டுமே அதைத் தாங்கும்.

தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை ஒளியிழையால் இணைப்பதற்கென்றே தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம் அமைக்கப்பட்டது. இவ்வாறு ஊர்தோறும் சாதாரணச் செய்திகளுக்காகப் போடப்படும் இழையிலேயே சாவியும் செல்லுமானால், நெசவாளர் கூட்டுறவுச் சங்கமும் அரசு மருத்துவமனையும் அதனைப் பயன்படுத்தக்கூடும். செல்லாது என்றால் அது சிலரது சொத்தாகவே நின்றுவிடும். ஆகவே பகிர்ந்துகொள்ளுதல் என்பது வெறும் சிக்கன யோசனை அன்று. இந்த அறிவியல் யாருக்குப் பயன்படும் என்பதே அதில் அடங்கியுள்ளது.

கூட்டம் எவ்வளவு பெரிது?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 1550 நானோமீட்டர் ஒளியில் ஒரு துகளின் ஆற்றல், பிளாங்க் மாறிலியை ஒளியின் வேகத்தால் பெருக்கி அலைநீளத்தால் வகுத்தால் வரும். விடை 1.28 × 10⁻¹⁹ ஜூல். சாதாரணச் செய்தி அலைவரிசை ஒன்றின் திறன் 1 மில்லிவாட் எனக் கொண்டால், நொடிக்கு 7.8 × 10¹⁵ துகள்கள் செல்கின்றன.

அல்லியின் கருவியோ நொடிக்கு 100 கோடித் துடிப்புகளை அனுப்புகிறது. துடிப்புக்குச் சராசரியாக அரைத் துகள் என வைத்துக்கொள்வோம். மொத்தம் நொடிக்கு 50 கோடித் துகள்கள். செய்தி ஒளியில் இருப்பவை இதைப்போல் ஒன்றரைக் கோடி மடங்குக்கும் மேல்! கருடசேவை நாளில் காஞ்சி வீதியில் திரண்ட கூட்டத்தின் நடுவே ஒருவர் காதோடு காதாகப் பேசுவதைத் தொலைவிலிருந்து கேட்பது போன்றது இது.

ஆயினும் நிறம் வேறுதானே? நல்ல வடிகட்டி ஒன்றை வைத்துக் கூட்டத்தைத் தள்ளிவிடலாமே? வடிகட்டிகள் அவ்வளவு திறமையானவைதான். செய்தி ஒளியைப் பெரும்பாலும் முழுமையாகவே தள்ளிவிடுகின்றன. தொல்லை வருவது அங்கிருந்து அல்ல. செய்தி ஒளியில் ஒரு சிறு பகுதி வழியிலேயே நிறம் மாறி, சாவியின் நிறத்தை ஏற்றுக்கொள்கிறது. ஒரே நிறம் ஆகிவிட்ட இரண்டை எந்த நிற வடிகட்டியும் பிரிக்காது. சாயம் இறங்குவது என்றோமே, அது இதுதான்.

ராமன் கண்ட ஒளி

நிறம் மாற்றும் இந்நிகழ்ச்சி உங்களுக்குப் புதிதன்று. திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் 1888-ல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சர் சி. வி. ராமன், 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் கண்டறிந்த ராமன் விளைவுதான் அது. அந்நாளையே தேசிய அறிவியல் நாளாக நாம் கொண்டாடுகிறோம்.

ராமனும் அவருடைய மாணவர் கே. எஸ். கிருஷ்ணனும் சூரிய ஒளியை ஒரு வடிகட்டி வழியே திரவத்தில் செலுத்தினார்கள். சிதறி வந்த ஒளியை இன்னொரு வடிகட்டி வழியே நோக்கினார்கள். முதல் வடிகட்டி விடும் நிறத்தை இரண்டாவது முற்றிலும் தடுக்கும். எனவே ஒன்றும் தெரியக் கூடாது. ஆயினும் மங்கலான ஒளி தெரிந்தது! திரவத்தின் மூலக்கூறுகள் ஒளியோடு ஆற்றலைப் பரிமாறிக்கொண்டு அதன் நிறத்தை மாற்றியிருந்தன. 1930-ல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது இக்கண்டுபிடிப்பே.

கண்ணாடியிலும் சிலிக்கன், ஆக்சிஜன் அணுக்கள் ஓயாமல் அதிர்கின்றன. ஒளித்துகள் தன் ஆற்றலில் சிறிதை அதிர்வுக்குக் கொடுத்துவிட்டால் அதன் அலைநீளம் கூடுகிறது. இது ஸ்டோக்ஸ் ஒளி. ஏற்கனவே அதிரும் அணுக்களிடமிருந்து ஆற்றலைப் பெற்றுக்கொண்டால் அலைநீளம் குறைகிறது. இது எதிர் ஸ்டோக்ஸ் ஒளி. சிலிக்கா கண்ணாடியில் இம்மாற்றம் ஏறத்தாழ 13 டெராஹெர்ட்ஸ் அளவில் உச்சம் அடைகிறது. அதாவது 1550 நானோமீட்டர் ஒளி, இருபுறமும் சுமார் 100 நானோமீட்டர் தள்ளி மிகுதியாகச் சாயம் இறக்கும். இடைப்பட்ட பகுதியிலும் இறக்கும்.

சாயத்தொட்டியில் நிறத்தை நன்கு கெட்டிப்படுத்திவிட்டால் புடவையில் சாயம் இறங்காது. கண்ணாடியில் அது இயலாது. அணுக்கள் அதிராத கண்ணாடி என்று ஒன்று இல்லை.

எண்களில் பார்ப்போம்

ஒரு கிலோமீட்டர் இழையில், ஒரு நானோமீட்டர் அகலமுள்ள நிறப்பட்டைக்குள், நூறு கோடிச் செய்தித் துகள்களுக்கு ஒன்று வீதம் ராமன் ஒளியாக மாறுவதாக வைத்துக்கொள்வோம். உண்மை அளவும் ஏறத்தாழ இந்த அளவில்தான் இருக்கிறது. நூறு கோடியில் ஒன்று என்றால் புறக்கணிக்கலாம் போலத் தோன்றுகிறதல்லவா? 7.8 × 10¹⁵-ஐ நூறு கோடியால் வகுத்துப் பாருங்கள். கிலோமீட்டருக்கு நொடிக்கு 78 லட்சம் போலித் துகள்கள்!

அல்லி அனுப்பிய 50 கோடியில் பாபுவை அடைவன எத்தனை? 1550-ஐ ஒட்டிய நிறத்தில் அனுப்பினால், 75 கிலோமீட்டருக்கு இழப்பு 15 டெசிபெல். 32-ல் ஒரு பங்கு எஞ்சும். அதாவது சுமார் 1.56 கோடி.

இப்போது பாபுவின் பக்கத்திலிருந்து அல்லியின் பக்கத்துக்கும் அதே இழையில் செய்தி ஒளி ஒன்று போவதாகக் கொள்வோம். அது பாபுவின் வாசலில்தான் மிக வலுவாக இருக்கும். ராமன் ஒளி முன்னும் பின்னுமாக இருபுறமும் சிதறும். எனவே ஒரு பகுதி திரும்பிப் பாபுவின் உணர்கருவியிலேயே வந்து விழும். முதல் 2 கிலோமீட்டரிலிருந்து மட்டுமே ஏறத்தாழ 1.5 கோடிப் போலிகள் வந்துவிடும். அல்லியின் துகள்கள் அனைத்துக்கும் ஈடான எண்ணிக்கை! முழு இழைக்கும் கணக்கிட்டால், ஒளி போகப்போகக் குறைவதால், சுமார் 11 கிலோமீட்டர் அளவுக்குச் சமமான தொகை வரும்: நொடிக்கு 8.6 கோடி.

போலித் துகளுக்கு அல்லியின் இலக்கம் தெரியாது. எனவே அவற்றில் பாதி தவறான விடை தரும். மொத்தம் வந்தவை 10.2 கோடி, தவறானவை 4.3 கோடி. பிழை 42 விழுக்காடு. சாவி கிடையாது.

பொறியாளர் செய்யும் உபாயங்கள்

முதலாவது, நிற வடிகட்டியை இறுக்குவது. பட்டையின் அகலத்தை 1 நானோமீட்டரிலிருந்து 0.1 நானோமீட்டராகக் குறைத்தால் போலிகள் பத்தில் ஒரு பங்காகும்.

இரண்டாவது, காலத்தையே வடிகட்டியாகக் கொள்வது. அல்லியின் துடிப்புகள் நானோவினாடிக்கு ஒன்றாகத் தாளம் தவறாமல் வருகின்றன. ராமன் ஒளிக்குத் தாளம் இல்லை. எப்போதும் வந்துகொண்டே இருக்கிறது. துடிப்பு வரும் நேரத்தில் மட்டும், நானோவினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் உணர்கருவியின் கதவைத் திறந்து வைத்தால், போலிகள் மீண்டும் பத்தில் ஒரு பங்காகும்.

இவ்விரண்டையும் சேர்த்தால் போலிகள் நூறில் ஒரு பங்கு: 8.6 லட்சம். உண்மைத் துகள்கள் 156 லட்சம். பிழை 2.6 விழுக்காடாக இறங்கிவிட்டது. சாவி கிடைக்கும்!

ஆனால் இது ஒரே ஒரு செய்தி அலைவரிசை உள்ளபோது. 40 அலைவரிசைகள் ஓடினால் போலிகளும் 40 மடங்கு. பிழை மீண்டும் 30 விழுக்காட்டைத் தாண்டிவிடும்.

மூன்றாவது, செய்தி ஒளியின் திறனைக் குறைப்பது. பல இணைப்புகளில் தேவைக்கு மேற்பட்ட திறன் செலுத்தப்படுகிறது. மறுமுனைக் கருவிக்குப் போதுமான அளவு மட்டும் அனுப்பினால் ராமன் ஒளியும் அதே விகிதத்தில் குறையும்.

நான்காவது, சாவிக்கு வேறு நிறம் தேர்ந்தெடுப்பது. எதிர் ஸ்டோக்ஸ் ஒளி உண்டாக வேண்டுமானால் அணுக்கள் முன்கூட்டியே அதிர்ந்துகொண்டிருக்க வேண்டும். அறை வெப்பநிலையில் வேகமான அதிர்வுகளில் உள்ள அணுக்கள் மிகக் குறைவு. எனவே குறைந்த அலைநீளப் பக்கம் சாயம் குறைவாகவே இறங்கும். உச்சம் நிகழும் 13 டெராஹெர்ட்ஸில்கூட எதிர் ஸ்டோக்ஸ் ஒளி மற்றதில் எட்டில் ஒரு பங்குதான். சாவியை 1310 நானோமீட்டருக்கு நகர்த்தினால் வேறுபாடு 35 டெராஹெர்ட்ஸ் ஆகிறது. அங்கே இவ்விகிதம் சுமார் 300-ல் ஒன்று. மேலும் அது கண்ணாடியின் வலுவான அதிர்வுகளைக் கடந்த இடம். ராமன் ஒளி ஏறக்குறைய ஓய்ந்துவிடுகிறது.

விலை இல்லாமல் எதுவும் இல்லை. 1310-ல் இழப்பு அதிகம் என்று பார்த்தோம். 75 கிலோமீட்டருக்கு 26 டெசிபெல். அதாவது 420-ல் ஒன்றுதான் எஞ்சும். 1.56 கோடித் துகள்கள் வந்த இடத்தில் சுமார் 12 லட்சமே வரும். அமைதியான வழி, ஆனால் மெதுவான வழி. குறைந்த தூரமும் நெரிசல் மிகுந்த இழையும் என்றால் 1310. நீண்ட தூரமும் நெரிசல் குறைந்த இழையும் என்றால் 1550. இவ்வாறு இடத்துக்கேற்பத் தேர்வு செய்ய வேண்டியுள்ளது.

செய்து பார்த்தவர்கள்

இந்த இரு நிற உபாயத்தை 1997-லேயே பிரிட்டனில் பால் டவுன்செண்ட் என்பவர் செய்து காட்டினார். சாவி 1300 நானோமீட்டர் பகுதியில், செய்தி 1550 பகுதியில் சென்றன. 2012-ல் இங்கிலாந்துக் கேம்பிரிட்ஜில் டோஷிபா ஆய்வுக்கூடத்தினர், காலக் கதவையும் திறன் குறைப்பையும் கையாண்டு, 90 கிலோமீட்டர் இழையில் சாவியையும் செய்தியையும் சேர்த்து அனுப்பினார்கள். 2018-ல் சீன அறிவியலாளர்கள், நடைமுறையில் இயங்கும் முதுகெலும்பு இழை ஒன்றில் 66 கிலோமீட்டர் தூரம், நொடிக்கு 3.6 லட்சம் கோடி பிட் செய்தியோடு சாவியையும் அனுப்பியதை வெளியிட்டனர். சாவியின் நிறம் 1310 நானோமீட்டர். காஞ்சிக்கும் சென்னைக்கும் உள்ள தூரத்தை இது நெருங்கிவிட்டது என்பதைக் கவனியுங்கள்.

2024-ல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பிரேம் குமார் குழுவினர் இன்னும் ஒருபடி மேலே சென்றனர். 30.2 கிலோமீட்டர் இழையில் நொடிக்கு 400 ஜிகாபிட் சாதாரணச் செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒரு துகளின் குவாண்டம் நிலையைத் தொலைவில் உள்ள மற்றொரு துகளுக்கு மாற்றிக் காட்டினர்.

நம் நாட்டில், டெல்லி ஐ.ஐ.டி.யும் பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து, 2022 பிப்ரவரியில் உத்தரப் பிரதேசத்தின் பிரயாக்ராஜுக்கும் விந்தியாசலத்துக்கும் இடையே 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தில் குவாண்டம் சாவியை அனுப்பின. அதற்கென்று சிறப்பு இழை செய்யவில்லை. ஏற்கனவே புதைந்திருந்த வணிகத் தர இழையே போதுமானதாக இருந்தது. 2023 ஏப்ரலில் 6,003.65 கோடி ரூபாய் மதிப்பில் தேசிய குவாண்டம் இயக்கத்திற்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நகரங்களுக்கிடையே 2,000 கிலோமீட்டர் சாவி வழங்கும் அமைப்பு அதன் குறிக்கோள்களில் ஒன்று. குவாண்டம் தொடர்புக்கான மையம் சென்னை ஐ.ஐ.டி.யில் அமையும் என 2024-ல் அறிவிக்கப்பட்டது.

இன்னும் தீராதவை

எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். நீண்ட தூர இழைகளில் செய்தி ஒளியை வலுப்படுத்த வழியில் பெருக்கிகளை வைக்கிறார்கள். ஒற்றைத் துகளைப் பெருக்க முடியாது, பெருக்குவதும் நகலெடுப்பதுதானே? எனவே ஒவ்வொரு பெருக்கியிடத்தும் சாவியின் நிறத்தைத் தனியே பிரித்துச் சுற்றிக் கொண்டுபோக வேண்டும். மிக நீண்ட தூரங்களுக்கு, நம்பகமான இடைநிலையங்களில் சாவியை இறக்கி ஏற்ற வேண்டியுள்ளது. அந்நிலையத்தில் உள்ளவரை நம்பியே ஆக வேண்டும்.

மேலும், மறுமுனையில் பேசுவது பாபுதான், பாபு வேடமிட்ட ஒற்றன் அல்லன் என்று அல்லி முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். இதனைக் குவாண்டம் சாவி தானாகச் செய்யாது. இன்னொரு புறம், குவாண்டம் கணிப்பொறியாலும் உடைக்க இயலாதவை எனக் கருதப்படும் புதிய கணிதப் பூட்டுகளுக்கான தரங்களை 2024 ஆகஸ்டில் அமெரிக்கத் தர நிறுவனம் வெளியிட்டுள்ளது. அவற்றுக்குத் தனிக் கருவி வேண்டியதில்லை, செலவும் குறைவு. இரண்டில் எது எங்கே பயன்படும் என்பதை வருங்காலம் தீர்மானிக்கும். நீங்களும் அதில் பங்குபெறக்கூடும்.

இன்னொரு புதிய வழி, நடுவே துளையுள்ள இழை. அதில் ஒளி பெரும்பாலும் காற்றிலேயே செல்வதால், கண்ணாடி அணுக்களோடு உறவு குறைவு. ராமன் ஒளியும் மிகக் குறைவு. ஆனால் மண்ணுக்கடியில் இன்றுள்ள இழைகளுள் மிகப் பெரும்பாலானவை பழைய வகைக் கண்ணாடியே. அவற்றோடுதான் நாம் வாழ வேண்டும்.

மிக அரிதாக நடக்கும் ஒரு சிதறலை, வெறும் கண்ணாலும் இரண்டு வடிகட்டிகளாலும் ராமன் பிடித்தார். அதே சிதறல் இன்று சாவியின் வழியில் தடையாக நிற்கிறது. அதன் விதியை அவரிடமிருந்து நன்கு கற்றிருப்பதால்தான், எந்த நிறத்தில் தடை குறையும் என்பதையும் நம்மால் முன்கூட்டியே சொல்ல முடிகிறது.

நீங்களே கணக்கிடுங்கள்

1. 1310 நானோமீட்டர் ஒளியில் ஒரு துகளின் ஆற்றல் என்ன? 1 மில்லிவாட்டில் நொடிக்கு எத்தனை துகள்கள்?

2. 40 கிலோமீட்டர் இழையில் 1550, 1310 ஆகிய இரு நிறங்களிலும் எத்தனையில் ஒரு பங்கு எஞ்சும்?

3. 100 உண்மைத் துகள்களுக்கு 20 போலிகள் வந்தால் பிழை விகிதம் என்ன? சாவி கிடைக்குமா? 28 போலிகள் வந்தால்?

விடைகள்: (1) 1.52 × 10⁻¹⁹ ஜூல், சுமார் 6.6 × 10¹⁵. (2) 8 டெசிபெல், சுமார் 6-ல் ஒன்று. 14 டெசிபெல், சுமார் 25-ல் ஒன்று. (3) 120-க்கு 10, அதாவது 8.3 விழுக்காடு, கிடைக்கும். 128-க்கு 14, அதாவது 10.9 விழுக்காடு, எல்லையின் விளிம்பு.